ஒரு வார்த்தைக்கு ஒரு உயிரா?

இந்த இதழில் கடன், வட்டி, கறவை மாடு எதுவும் இந்தப் பக்கத்தில் இல்லை. டவுனில் நடக்கிற வெட்டுக்குத்து பற்றி எழுதுங்கள் என்று பல குழுக்களில் கேட்டீர்கள். அதைத்தான் எழுதுகிறோம்.

முதலில் நம் வீட்டுக் கதை ஒன்று. பெயர், ஊர் சொல்ல மாட்டோம். தெரிந்தவர்களும் வெளியே சொல்லாதீர்கள். நம் கூட்டமைப்பில் ஒரு அக்கா. குழு ஆரம்பித்த நாளில் இருந்து சந்தா பாக்கி வைக்காதவர். அவர் மகன் புதுச்சேரி டவுனில் ஒரு கடையில் வேலை பார்த்தான். ஒரு சனிக்கிழமை ராத்திரி, கூட வேலை செய்கிற பையனுக்குப் பிறந்தநாள். நாலஞ்சு பேர் குடிக்கப் போயிருக்கிறார்கள். வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் வேறு ஒரு பையனின் பைக் இவர்கள் வண்டியை உரசிவிட்டது. "பார்த்து எடுக்க மாட்டியா?" என்று ஒருத்தன் கேட்டான். "யாரைப் பார்த்து கேக்கற?" என்று மற்றவன் திருப்பிக் கேட்டான். அங்கே அவ்வளவுதான் நடந்தது. கலைந்து போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து இவர்கள் தேடிக்கொண்டு போனார்கள். அந்தப் பையன் செத்துப் போனான்.

அக்கா எங்களிடம் சொன்னது இது ஒன்றுதான்: "எம் பையன் கை வைக்கவே இல்லம்மா. கூடதான் போனான்."

செத்துப்போன பையனின் அம்மாவும் யாரோ அல்ல. வேறு கொம்யூனில், நம் கூட்டமைப்பிலேயே இருக்கிற இன்னொரு குழுவின் உறுப்பினர்.

பைக்கில் விழுந்த கீறலுக்குப் பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆகும்? ஐநூறு, ஆயிரம் ஆகுமா? இதற்கா ஒரு உயிர் என்று எல்லோரும் கேட்கிறோம். ஆனால் இந்தக் கேள்வியிலேயே ஒரு தப்பு இருக்கிறது. கீறலுக்காக யாரும் கொலை செய்வதில்லை.

காரணம் சின்னது, சண்டை சின்னது இல்லை

அமெரிக்காவில் பிலடெல்பியா என்று ஒரு பெரிய நகரம். 1948 முதல் 1952 வரை அங்கே கொலையான 588 பேரின் போலீஸ் கோப்புகளை மார்வின் வுல்ஃப்கேங் என்ற ஆராய்ச்சியாளர் ஒவ்வொன்றாகப் படித்தார். 1958இல் புத்தகமாக எழுதினார். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அற்பமான வாய்த்தகராறில் ஆரம்பித்த கொலைகள். கொள்ளை அடிக்க வந்து கொன்றது அதைவிட எத்தனையோ குறைவு. வேறு தேசம், வேறு மொழி, எழுபது வருஷத்துக்கு முந்தின கதை. நம் பேப்பரில் வருகிற மாதிரியே இருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கும் உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் வெளியிடுகிறது. 2022இல் இந்தியாவில் 28,522 கொலை வழக்குகள். அதில் 9,962 வழக்குகளுக்குக் காரணம் 'தகராறு'. காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். பணத்துக்காக, லாபத்துக்காக நடந்த கொலை 1,884. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் 'தகராறு' கணக்கில் சொத்துத் தகராறு, குடும்பத் தகராறு எல்லாம் சேர்ந்தே இருக்கிறது. சில்லறைச் சண்டை அதில் ஒரு பகுதி.

கீறலுக்காக இல்லை என்றால், பிறகு எதற்காக? டேவிட் லக்கன்பில் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர் 1977இல் இதற்குப் பதில் எழுதினார். கலிபோர்னியாவில் நடந்த 70 கொலைகளை எடுத்து, சண்டையில் முதலில் யார் என்ன சொன்னார், அடுத்தவர் என்ன செய்தார் என்று படிப்படியாகப் பார்த்தார். முதலில் ஒரு பேச்சோ செய்கையோ வருகிறது. அதை மற்றவர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார், பதிலுக்குப் பேசுகிறார். இப்போது முதல் ஆளுக்கு இரண்டு வழிதான். ஒன்று பின்வாங்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். பின்வாங்கினால் முகம் போய்விடும். அதனால் ஏறுகிறார். மற்றவரும் ஏறுகிறார். ஒரு கட்டத்தில், இனி அடிதான் என்று இரண்டு பேரும் சொல்லாமலே ஒப்புக்கொள்கிறார்கள்.

இதை வீட்டில் பிள்ளைகள் சண்டையிலேயே பார்த்திருப்போம். பெரியவன் பென்சிலைத் தொட்டான் என்று ஆரம்பிக்கும். இரண்டு நிமிஷத்தில் பென்சில் எங்கே கிடக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. பைக் கீறலும் அந்தப் பென்சில் மாதிரிதான்.

லக்கன்பில் கண்ட இன்னொன்று நமக்கு ரொம்ப முக்கியம். அந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை நாலு பேர் பார்க்க நடந்தவை. பக்கத்தில் இருந்தவர்கள் பல நேரம் ஏற்றிவிட்டார்கள், இல்லையென்றால் பேசாமல் நின்றார்கள். பேசாமல் நிற்பதும் சண்டைக்காரன் காதில் 'ம், நடத்து' என்றுதான் விழுகிறது. தனியாக இருந்தால் "சரி போப்பா" என்று போயிருப்பான். நண்பர்கள் முன்னால் போக முடியாது. நம் பையன்கள் இதைக் கெத்து என்கிறார்கள். அந்தக் காலத்தில் ரோஷம் என்றார்கள்.

அக்கா மகன் விஷயத்திலும் இதுதான் நடந்தது என்று நினைக்கிறோம். பைக் உரசின இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரம் நாலஞ்சு பேர் உட்கார்ந்து, "அவன் அப்படிக் கேட்டுட்டுப் போறான், நீ சும்மா வந்துட்டியே" என்று பேசிப் பேசி ஏற்றியிருக்கிறார்கள். கொலை அந்த ஒரு மணி நேரத்தில்தான் தயாரானது.

குடி, வேலை, நம்ம டவுன்

வுல்ஃப்கேங் பார்த்த கொலைகளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டில் குடி இருந்தது. கொன்றவர் குடித்திருந்தார், அல்லது செத்தவர் குடித்திருந்தார், அல்லது இருவருமே. குடித்தவர் எல்லோரும் வெட்டுவதில்லை, சரி. ஆனால் குடித்தவனுக்குச் சாதாரணப் பார்வை முறைப்பாகத் தெரியும். ஏறின படியில் இருந்து இறங்கவும் தெரியாது. புதுச்சேரியில் கடைகள் எத்தனை, விலை எப்படி, சனி ஞாயிறு வெளியூர்க் கூட்டம் எப்படி என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சாராயக் கடைக்கும் இங்கே லைசென்ஸ் உண்டு. நம் பெண்கள் எத்தனை தடவை கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம்! ஊருக்குள் மூடினால் ஊர் எல்லையில் திறக்கிறார்கள். இதைப் பற்றித் தனியாக ஒரு இதழே போடலாம்.

ஜன நெருக்கடிதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 3,232 பேர். தமிழ்நாட்டில் 555 பேர்தான். ஆனால் நெருக்கடியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஜப்பானில் டோக்கியோ மாதிரி நெருக்கமான ஊர் உலகத்தில் கொஞ்சம்தான். அங்கே கொலை மிக மிகக் குறைவு. நெருக்கத்தில் உரசல் வரும். உரசல் வந்தால் அதை யார் பேசித் தீர்ப்பது என்பதுதான் விஷயம்.

நம் டவுனில் முன்பு அதற்கு ஆள் இருந்தார்கள். முதலியார்பேட்டைப் பக்கம் மில் சங்கு ஊதினால் தெரு முழுக்க ஆண்கள் சைக்கிளில் போவார்கள். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று மூன்று மில். 1936 ஜூலை 30இல் உரிமை கேட்டுப் போராடி, பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிர் விட்ட ஊர் இது. மில்லில் சங்கம் இருந்தது. இரண்டு பேர் அடித்துக்கொண்டால் சங்கத் தலைவர் கூப்பிட்டுப் பேசுவார். அவர் பேச்சைக் கேட்காவிட்டால் நாளைக்கு அதே தறியில் பக்கத்தில் நிற்க முடியாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் ஏ.எஃப்.டி. மில்லைப் போட்டுப் புரட்டியது. 2020இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். சண்டைகளுக்கு இது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் தினக்கூலிக்கு ஒரு நாள் கடை, மறுநாள் டெலிவரி, அடுத்த நாள் பெயிண்ட் வேலை என்று போகிற பையனுக்கு 'டேய், போதும் வா' என்று சொல்ல உரிமை உள்ள பெரியவர் யார்?

அதே பிலடெல்பியாவில் எலைஜா ஆண்டர்சன் என்ற சமூகவியலாளர் ஏழைத் தெருக்களில் பல வருஷம் பழகி 1999இல் ஒரு புத்தகம் எழுதினார். தொழிற்சாலைகள் போய்விட்டன, போலீஸ் வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் வாலிபனுக்குக் கையில் இருக்கிற ஒரே சொத்து 'என்னைத் தொட்டால் சும்மா விடமாட்டேன்' என்ற பெயர்தான் என்கிறார். அந்தப் பெயரில் கீறல் விழுந்தால் அவனுக்கு எல்லாமே போன மாதிரி. படித்தபோது எங்களுக்கு நம் பையன்கள் ஞாபகம்தான் வந்தது.

கிராமத்திலும் பேசித் தீர்க்கிற ஆள் குறைந்துவிட்டார்கள். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அதன்பின் 38 வருஷம் கழித்து 2006இல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்த பிறகு வருஷக்கணக்கில் தேர்தல் வைக்கவில்லை. குழாய்த் தகராறைக் கொண்டுபோய்ச் சொல்ல வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் இருந்தோம். சின்னச் சண்டைக்குப் போலீஸ் ஸ்டேஷன் போக நமக்கும் தயக்கம்.

இது டவுன் வியாதி, நமக்கு வராது என்று நினைத்துவிடாதீர்கள். 2019 ஜூனில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது தஞ்சாவூர் அருகே ஒரு கிராமத்தில் தண்ணீர் பிடிக்கிற தகராறில் ஒருவரை அடித்தே கொன்றார்கள். 2023 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பொதுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் துணி துவைத்ததில் ஒரு சண்டை. பகலில் வாய்ச்சண்டை. அன்று சாயங்காலமே ஆள் சேர்த்துக்கொண்டு வந்து தாக்கினார்கள். அடிபட்டவர் ஒரு ராணுவ வீரர், ஒரு வாரத்தில் இறந்துபோனார். இங்கேயும் அதே இடைவெளிதான், பகலுக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில். அந்த நேரத்தில் இரண்டு வீட்டிலும் பெண்கள் இருந்திருப்பார்கள்.

காலம் கெட்டுப் போச்சு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1992இல் இந்தியாவில் கொலை வழக்குகள் சுமார் 40,000. ஜனத்தொகை இப்போதைவிட எவ்வளவோ குறைவாக இருந்தும் அவ்வளவு. ஆகவே கொலை கூடிக்கொண்டே போகவில்லை, குறைந்துதான் வந்திருக்கிறது. குறைக்க முடிகிற விஷயம் இது.

வீட்டுக்குள்ளே

தெருச் சண்டையில் கொல்வதும் சாவதும் பெரும்பாலும் ஆண்கள். உலகம் முழுக்க அப்படித்தான். பெண் கொலையாவது வேறு இடத்தில். 2017இல் உலகத்தில் கொலையான பெண்கள் 87,000 பேர், அதில் சுமார் 50,000 பேரைக் கொன்றது கணவனோ துணைவனோ குடும்பத்து ஆளோதான் என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. குழம்பில் உப்பு இல்லை, போனில் யாரிடம் பேசினாய், குடிக்கக் காசு தரவில்லை. இதுவும் அற்பக் காரணம்தான். ஆனால் இதில் திடீர் என்று ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காக அடி விழுந்திருக்கும், பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கும், குழுவுக்கும் தெரிந்திருக்கும். 'அது அவங்க குடும்ப விஷயம்' என்று நாமும் இருந்திருப்போம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் இருந்தே இருக்கிறது. உதவிக்கு 181 என்ற எண்ணைக் கூப்பிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

'கூடதான் போனான்'

இப்போது சட்டம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. சினிமாவில் கேட்ட 302 இப்போது 103. தண்டனை மாறவில்லை, தூக்கு அல்லது ஆயுள்.

திட்டமிடாமல் திடீரென்று மூண்ட சண்டையில், ஆத்திரத்தில், கொடூரமாக நடந்துகொள்ளாமல் ஒரு உயிர் போயிருந்தால் நீதிமன்றம் அதைக் கொலையாகக் கருதாமல் தண்டனையைக் குறைக்க இடம் உண்டு. அதற்கு 105ஆவது பிரிவு. ஆனால் வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்து வந்தால், ஆள் கூட்டிக்கொண்டு தேடிப் போனால், அதைத் 'திடீர் சண்டை' என்று சொல்லித் தப்புவது மிகக் கஷ்டம். அந்த ஒரு மணி நேரம் சட்டத்தின் கண்ணிலும் பெரிய விஷயம்.

அடுத்தது எல்லா அம்மாக்களும் மகன்களிடம் சொல்ல வேண்டியது. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே தப்பான நோக்கத்தோடு கூடிப் போய், அதில் ஒருவன் வெட்டினாலும், எல்லோர் மேலும் வழக்கு வரும். அது 190ஆவது பிரிவு. ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தாலும், எண்ணம் ஒன்று என்று நிரூபித்தால் 3ஆவது பிரிவில் அதே கதிதான். வண்டி ஓட்டினவன், இடத்தைக் காட்டினவன், போன் பண்ணி 'இங்கேதான் இருக்கான்' என்று சொன்னவன் எல்லோரும் மாட்டுவார்கள். பதினெட்டு ஆகவில்லை என்ற சமாதானமும் முழுசாக உதவாது. 2015 சட்டப்படி பதினாறு முடிந்த பையன் கொலை மாதிரி கொடிய குற்றத்தில் சிக்கினால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று சிறார் நீதிக் குழுமம் பார்த்து முடிவு செய்யும்.

அக்கா முதலில் வக்கீலுக்குக் காசு வேண்டி நகையை வைத்தார், பிறகு கந்து வட்டிக்கு வாங்கினார். எங்களிடம் சொல்லவே இல்லை, வெட்கம். சொல்லியிருந்தால் ஒன்று சொல்லியிருப்போம். 1987ஆம் வருஷச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமானம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மகனைப் பறிகொடுத்த குடும்பமும் இழப்பீடு கேட்டு அதே ஆணையத்தை அணுகலாம். இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல்தான்.

குறுக்கே போகலாமா?

ஊர் சண்டை நமக்கு ஏன் என்றுதான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கூட்டம் கூடினால் ஆளாளுக்கு வேடிக்கைதான் பார்ப்பார்கள் என்றும் நினைக்கிறோம். ஆனால் 2019இல் வெளியான ஒரு ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. இங்கிலாந்தில் லான்காஸ்டர், நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் ஆகிய மூன்று ஊர்களின் தெருக் கேமராவில் பதிவான 219 சண்டைகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது சண்டையில் ஒருவராவது குறுக்கே வந்து தடுக்கப் பார்த்திருக்கிறார். கூட்டம் கூடக்கூட யாராவது வருவதும் கூடியிருக்கிறது. அவர்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கையை விரித்து 'வேண்டாம்' என்று காட்டினார்கள், நடுவில் நின்றார்கள், ஒருத்தரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

நம் ஊரில் கத்தி, அரிவாள் வெளியே வந்துவிட்டால் நடுவில் போகாதீர்கள். தள்ளி நின்று 112க்குப் போன் செய்யுங்கள். நாங்கள் சொல்வது அதற்கு முந்தின நேரத்தை. ராத்திரி மகன் முகம் சிவந்து வருகிறான், சாப்பாடு வேண்டாம் என்கிறான், போன் மேல் போன் வருகிறது, மறுபடியும் சட்டை மாட்டுகிறான். அப்போது 'யார் மேல தப்பு?' என்று கேட்காதீர்கள். கேட்டால் அவன் மறுபடியும் முதலில் இருந்து சொல்லி இன்னும் ஏறிக்கொள்வான். வண்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அவன் மதிக்கிற மாமாவையோ சித்தப்பாவையோ கூப்பிடலாம். எதிர்வீட்டு அம்மாவின் நம்பர் இருந்தால் அவருக்கே போன் போடலாம். 'எங்கம்மா விடல' என்று அவன் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளட்டும். முகம் போகாமல் பின்வாங்க அவனுக்கு அது ஒரு சாக்கு.

குழுக் கூட்டத்தில் நமக்கு இந்த வேலை புதுசில்லை. கடன் பாக்கிக்காக இரண்டு பேர் முடியைப் பிடிக்கிற அளவுக்கு வந்ததையெல்லாம் நோட்டைப் பிரித்து, டீ வாங்கிக் கொடுத்து, உட்கார வைத்துத் தீர்த்திருக்கிறோம். ஊக்குநர்கள் சிரிக்காதீர்கள், எந்தக் குழு என்று நாங்கள் சொல்லவில்லை.

அக்கா இப்போது மறுபடியும் கூட்டத்துக்கு வருகிறார். பதினாலு மாதச் சந்தா பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறார். மகனைப் பார்க்கக் காலாப்பட்டு ஜெயிலுக்குப் போகிற அன்று மட்டும் வருவதில்லை. அடுத்த மாதம் கூட்டமைப்பின் பொதுக்குழு. அந்த இன்னொரு அம்மாவும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இருவரும் வருவதாகத் தெரிந்து இருவருமே மறுக்கவில்லை. யாரை எங்கே உட்கார வைப்பது என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.